பிடித்தம் போக மீதி: மேல் அரசுகள் நகராட்சிக்கு உண்மையில் எப்படி உதவலாம்?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு நடுத்தர நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே மூன்று தனிக் கணக்குகள் இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. வீட்டுக்காரர் ஒரே ரசீதில் கட்டுகிற சொத்து வரி இந்த மூன்றுக்கும் பிரிந்து போகிறது. முதல் கணக்கின் வரவுப் பக்கத்தில் சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையக் குத்தகை என்று வரிசையாக வந்து, கீழே ‘மாநில நிதிக்குழு மானியம்’ என்று ஒரு வரி நிற்கும். அந்த வரியில் அச்சான தொகை வேறு, வங்கியில் வந்து விழும் தொகை வேறு. ஓய்வூதியப் பங்களிப்பு, பழைய கடனின் தவணை, கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான கட்டணம் என்று நகராட்சி கட்ட வேண்டியவை மேலேயே கழிக்கப்பட்டு மீதிதான் கீழே இறங்கும். கணக்குப் பிரிவில் இதைப் ‘பிடித்தம் போக’ என்பார்கள்.

மாநிலமும் ஒன்றியமும் நகராட்சிகளுக்கு உதவுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘எத்தனை கோடி ஒதுக்கினார்கள்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. நகராட்சி ஆணையாளருக்கோ வேறு மூன்று கேள்விகள்தான் முக்கியம். பணம் எந்த மாதம் வரும்? அதை எதற்குச் செலவழிக்கலாம்? கட்டி முடித்த பிறகு மின்கட்டணத்தை யார் கட்டுவது? இந்த மூன்றுக்கும் மார்ச் மாதத்திலேயே விடை தெரிகிற உதவி சின்னதாக இருந்தாலும் ஊருக்குப் பயன்படும். விடை தெரியாத உதவி பெரிதாக இருந்தால் சில சமயம் கடனாகத்தான் மிஞ்சும்.

முதலில் சட்டநிலை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளை 12-வது அட்டவணையில் எழுதியது. பணிகளுக்குப் பட்டியல் வந்ததே தவிர, பணத்துக்கு வரவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு வரிப்பட்டியல் உண்டு, மாநிலத்துக்கு ஒன்று உண்டு. நகராட்சிக்கென்று எதுவும் கிடையாது. மாநிலச் சட்டமன்றம் எந்த வரியை விதிக்க அனுமதிக்கிறதோ அதை மட்டுமே நகராட்சி விதிக்கலாம். ஆகவே மேலிருந்து வரும் நிதியைத் தர்மம் என்று நினைப்பது தவறு. வரி போடும் அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு வேலையைக் கீழே கொடுத்ததால் உண்டான பள்ளத்தை நிரப்பும் ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டின் நடுத்தூண், மாநில வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைக்கும் மாநில நிதிக்குழு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்க வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. பல மாநிலங்கள் இதில் வருடக்கணக்கில் சுணங்கின. தமிழ்நாடு வரிசை தப்பாமல் அமைத்து வந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது நிதிக்குழுவின் காலத்தில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்றும், அதில் ஊரகத்துக்கு 56 பங்கு, நகர்ப்புறத்துக்கு 44 பங்கு என்றும் கணக்கு இருந்தது. இப்படிச் சூத்திரப்படி வரும் பணத்தின் மதிப்பு, அதற்கு யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. மாநில வரி வருவாய் கூடினால் நகராட்சிப் பங்கும் தானாகக் கூடும்.

ஆனால் இங்கேயே இரண்டு ஓட்டைகள். ஒன்று, முன்பு சொன்ன பிடித்தம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி இயக்குவது 1971-ல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியம். தண்ணீரை அது மொத்தமாகக் கொடுக்கிறது, நகராட்சி வீடுவீடாக விற்கிறது. வீட்டு இணைப்புக்கு வாங்கும் மாதக் கட்டணம் வாரியத்துக்குக் கொடுக்கும் விலையைக்கூட எட்டாத ஊரில் நிலுவை ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் அது மானியத்தில் கழிபடும். அந்த மாதம் தூய்மைப் பணி ஒப்பந்தக்காரரின் பில் நிற்கும், அடுத்த வாரம் தெருவில் குப்பை நிற்கும். வாரியத்துக்கும் பணம் வேண்டும் என்பது நியாயமே. ஆனாலும் ஒரு மாதத்தில் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்று ஓர் உச்சவரம்பும், எதற்காக எவ்வளவு கழித்தோம் என்ற விவரத் தாளும் இருந்தால், நகராட்சியால் பில்களை வரிசைப்படுத்தித் திட்டமிட முடியும். இந்த மாற்றத்துக்கு மாநிலத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இன்னொரு ஓட்டை, பங்குத்தொகையில் ஒரு பகுதியை மேலேயே எடுத்து வைத்து ‘உட்கட்டமைப்பு இடைவெளி நிரப்பும் நிதி’, ‘இயக்கம் மற்றும் பராமரிப்பு இடைவெளி நிரப்பும் நிதி’ என்ற பெயர்களில் தேவை பார்த்துக் கொடுக்கும் முறை. மோட்டார் எரிந்துபோன ஊருக்கு அவசரத்தில் கைகொடுக்க இப்படி ஒரு நிதி வேண்டும்தான். ஆனால் தேவையை யார் பார்க்கிறார்கள், எந்த அளவுகோலால் பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரியாதவரை, கேட்கத் தெரிந்த ஊருக்குக் கிடைக்கும், தெரியாத ஊர் காத்திருக்கும்.

ஒன்றிய அரசின் பக்கம் மாநில நிதிக்குழுப் பங்குக்கு இணையானது மத்திய நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 1,21,055 கோடி ரூபாய். பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு வரும் தொகையில் 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம், சம்பளம் முதலான நிர்வாகச் செலவுக்குத்தான் தொடக் கூடாது. மீதி 60 சதவீதம் கட்டுண்ட நிதி: அதில் பாதி துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும், மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத நல்ல விதி ஒன்று உண்டு. ஒன்றியத்திடமிருந்து பணம் வந்த 10 வேலை நாட்களுக்குள் மாநிலம் அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் தாமதித்த நாட்களுக்கு வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாநில நிதிக்குழுப் பங்குக்கும் மாநிலத் திட்ட நிதிக்கும் இதே விதியை மாநிலம் தனக்குத்தானே போட்டுக்கொண்டால் என்ன?

நிபந்தனைகள் கடுமையானவை. முந்தைய ஆண்டின் தணிக்கைக்கு முந்திய கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும். 2022-23 முதல், சொத்து வரிக்கு அடிமட்ட விகிதங்களை மாநிலம் அறிவிக்க வேண்டும். வரி வசூலும் மாநில மொத்த உற்பத்தியின் கடந்த ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சிக்கு ஈடாக ஆண்டுதோறும் வளர வேண்டும். முதல் நிபந்தனை தமிழ்நாட்டு நகராட்சிகளுக்குப் பெரிய சிரமம் தரவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே எல்லா நகராட்சிகளும் ரொக்கக் கணக்கை விட்டு, வர வேண்டியதையும் தர வேண்டியதையும் சேர்த்து எழுதும் வர்த்தகமுறைக் கணக்குக்கு மாறிவிட்டன. அன்று மாநிலம் கையேடு போட்டு, பயிற்சி கொடுத்து, கணினிக்கும் வழி செய்ததன் பலன் அது. இரண்டாவது நிபந்தனைதான் பழைய புண்ணைக் குத்தியது.

சொத்து வரி நகராட்சியின் வரி என்பது பெயரளவில்தான். எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்பதை நடைமுறையில் மாநில அரசு சொல்கிறது. சென்னையின் மையப் பகுதியில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018-ல் உயர்த்தி ஆணை வந்தது. 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாக வசூலித்த தொகையைப் பின்வரும் அரையாண்டுகளில் ஈடுகட்டும் வேலையும் நகராட்சிகளின் தலையில் விழுந்தது. இடைப்பட்ட காலத்தில் சம்பளம், டீசல், மின்சாரம் எதுவும் 2008-ல் நிற்கவில்லை. ஒரு நகராட்சிக்கு மேல் அரசு செய்யக்கூடிய பெரிய கெடுதல் மானியத்தைக் குறைப்பது அல்ல. அதன் சொந்த வரியை இப்படி உறைய வைப்பது.

உறைந்தது உருகும்போது வெள்ளம்தான் வரும். 2022 ஏப்ரலில் சீராய்வு வந்தபோது சென்னையின் மையப் பகுதி நீங்கலாக மற்ற நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு அமைந்தது. சென்னையின் பழைய பகுதியில் இதுவே 50-லிருந்து 150 சதவீதம் வரை போனது. மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய கவுன்சிலர்கள் வார்டில் தலைகாட்ட முடியாமல் தவித்தார்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற சிறு உயர்வு முறை பிறகு வந்தது. அது 2008-லேயே வந்திருந்தால் 2022-ன் அதிர்ச்சிக்கே வேலை இருந்திருக்காது. இந்த இடத்தில் மாநிலம் செய்ய வேண்டிய உதவி, ஆண்டு உயர்வை விதியாக்கிவிட்டு, தேர்தல் வருகிறது என்பதற்காக அதில் கைவைக்காமல் இருப்பது.

பணம் கொடுக்காமலே செய்யக்கூடிய உதவிகள் வேறும் உண்டு. அவற்றில் முதலாவது தகவல். மாடியில் கடை நடக்கும். மின்வாரியத்தில் வணிக இணைப்பு இருக்கும். நகராட்சிப் பதிவேட்டில் அது இன்னும் குடியிருப்பு. தரைத்தளத்துக்கு வரி போட்ட கட்டடம் மூன்று மாடியாக வளர்ந்திருக்கும். மின்வாரியத்தின் இணைப்புப் பட்டியல், பதிவுத்துறையின் பத்திரப் பட்டியல், வணிகவரித்துறையின் ஜி.எஸ்.டி. பதிவு ஆகிய மூன்றையும் நகராட்சியின் வரிவிதிப்பு எண்ணோடு பொருத்திப் பார்த்தாலே விட்டுப்போனவை பெருமளவு தெரிந்துவிடும். இவை மூன்றும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. வருவாய் உதவியாளர் தெருத்தெருவாக நடந்து கண்டுபிடிப்பதற்குள் அரையாண்டு ஓடிவிடும். பெயர் எழுத்து மாற்றம், கதவு எண் மாற்றம் ஆகியவற்றால் முதல் சுற்றில் பொருந்தாத பதிவுகள் நிறைய வரும். அவற்றை நேரில் சரிபார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான செலவை ஓராண்டுக்கு மாநிலம் ஏற்றால் போதும், அடுத்த ஆண்டின் கூடுதல் கேட்பே, அதாவது கூடுதலாக விதிக்கப்படும் வரியே, அதைத் திருப்பித் தந்துவிடும்.

இரண்டாவது, மேல் அரசுகள் தங்கள் பாக்கியைக் கட்டுவது. அரசமைப்பின் 285-வது பிரிவுப்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு நகராட்சி வரி போட முடியாது. ஆனால் சாலை, விளக்கு, குப்பை அகற்றல் எல்லாம் அந்தக் கட்டடங்களுக்கும் போகின்றன. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு தீர்வு எட்டப்பட்டது: எல்லாச் சேவையும் பெறும் ஒன்றிய அரசுச் சொத்துக்கு, கணக்கிட்ட சொத்து வரியில் 75 சதவீதம் சேவைக் கட்டணம், ஓரளவு பெற்றால் 50, எதுவும் பெறாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. ரயில் நிலையமும் தொலைபேசி நிலையமும் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும் ஊரில் இது சின்னத் தொகை அல்ல. ஆனால் அளவெடுத்து, கேட்பு அறிவிப்பு அனுப்பி, ஒப்பந்தம் போட்டால்தான் பணம் வரும். ஒரு நகராட்சி ஆணையாளரின் கடிதம் ரயில்வே கோட்ட அலுவலகத்தில் எவ்வளவு நாள் கிடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்லா நகராட்சிகளின் சார்பிலும் மாநிலமே ஒரே பட்டியலாகக் கேட்டால் கதை வேறு.

மூன்றாவது தொழில் வரி. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரி வாங்கக் கூடாது என்று அரசமைப்பின் 276-வது பிரிவு சொல்கிறது. இந்த வரம்பு 1988-ல் வைக்கப்பட்டது. அன்று உயர் அதிகாரிக்குக்கூடக் கனமாகத் தெரிந்த தொகை, இன்று ஓர் இளம் மென்பொருள் ஊழியரின் ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும். தமிழ்நாட்டில் இந்த வரி உள்ளாட்சிகளுக்கே போகிறது. வரம்பை உயர்த்த வேண்டும் என்று 15-வது நிதிக்குழு பரிந்துரைத்தது. அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும், அது நாடாளுமன்றத்தின் கையில்.

கடன் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நாட்டிலேயே நல்ல அனுபவம் இருக்கிறது. 1988-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதி, 1996-ல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறியது. நிர்வாகத்தில் தனியார் நிதி நிறுவனங்களும் பங்கு பெற்றன. இதன் நல்ல பழக்கம், கடன் கேட்டு வரும் நகராட்சியின் கணக்கைத் துருவிப் பார்த்து, திருப்பிக் கட்ட வழி இருந்தால் மட்டும் கொடுப்பது.

இதற்கு ஆலந்தூர் நல்ல பாடம். இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஆலந்தூர், 2001-ல் சுமார் 1.46 லட்சம் மக்கள் வாழ்ந்த தனி நகராட்சி. ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டம் எடுத்தார்கள். முதல் வேலையாகக் குழி தோண்டவில்லை, பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் முன்வைப்புத் தொகை. குடியிருப்போர் சங்கங்களோடு கூட்டம் கூட்டமாகப் பேசி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தார்கள். போதிய வீடுகள் கட்டிய பிறகே வேலை தொடங்கியது. மீதிக்கு நிதியத்தின் கடனும் மாநிலத்தின் மானியமும் வந்தன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, இயக்கி, பின்னர் ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். மாதக் கட்டணம் வீட்டுக்கு 150 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடைவெளி விழுந்தால் ஈடுகட்டுவதாக மாநில அரசு முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது.

முன்பணம் வாங்கியதால் கிடைத்த பெரிய நன்மை பணமல்ல, இணைப்பு. காசு கட்டியவர் இணைப்பைக் கேட்டு வாங்குவார். பின்னாளில் பல ஊர்களில் முழு மானியத்தில் குழாய் பதித்து, சுத்திகரிப்பு நிலையமும் கட்டி முடித்த பிறகு, வாசலிலிருந்து தெருத்தொட்டி வரை சில மீட்டர் குழாயை யார் போடுவது என்ற கேள்வியில் திட்டம் படுத்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே கழிவுத்தொட்டி இருக்கும்போது தரையை உடைத்துச் செலவழிக்க யாருக்கும் அவசரமில்லை. இணைப்பு குறைந்தால் குழாயில் ஓட்டம் குறையும். கசடு படியாமல் ஓட விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. அது கிடைக்காத குழாயில் மண்ணும் கொழுப்பும் தங்கி அடைப்பு வரும். சுத்திகரிப்பு நிலையத்திலோ நுண்ணுயிர்களுக்குப் போதிய கழிவு வராமல் உயிர்ச்சேறு வளராது. ஆக, மேல் அரசின் மானியம் முழுச் செலவையும் ஏற்பதைவிட, வீட்டு இணைப்பு எத்தனை சதவீதம் ஆனது என்பதைப் பார்த்துக் கடைசித் தவணையை விடுவித்தால் திட்டம் ஓடும்.

தனியாகக் கடன் வாங்கும் தெம்பில்லாத சிறு ஊர்களுக்கு 2002-03-ல் ஒரு புது வழி கண்டார்கள். 13 சிறு, நடுத்தர உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரத் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, ‘நீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதி’ என்ற அறக்கட்டளையின் பெயரில் சுமார் 30.4 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.2 சதவீதம், காலம் 15 ஆண்டு. முதலீட்டாளருக்கு நம்பிக்கை தர நான்கு அடுக்குகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு உள்ளாட்சியும் ஆண்டுத் தவணையின் ஒன்பதில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் போட வேண்டும்; அப்படியானால் ஒன்பது மாதத்தில் ஆண்டுத் தவணை சேர்ந்துவிடும், மூன்று மாதம் கையிருப்பு. அது தவறினால் 6.9 கோடி ரூபாய் காப்பு நிதி. காப்பு நிதியைத் தொட்டால், தவறிய ஊருக்கான மாநில நிதிக்குழுப் பங்கிலிருந்து மாநில அரசு எடுத்து நிரப்பும். இவற்றுக்கும் மேலாக அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமையின் உத்தரவாதம்.

கவனியுங்கள், முன்பு குறை சொன்ன அதே பிடித்தம்தான் இங்கே மூன்றாவது அடுக்காக நின்று வட்டியைக் குறைக்கிறது. முன்கூட்டி ஒப்புக்கொண்டு, அளவு தெரிந்து செய்யும் பிடித்தத்தின் பலத்தில் ஊர் கடன் வாங்கலாம். சொல்லாமல் செய்யும் பிடித்தம் சம்பளத்தில் கைவைக்கும்.

இன்று பத்திரச் சந்தை பெரிய ஊர்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. நகரக் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான ஒன்றியத்தின் அம்ருத் திட்டத்தின் கீழ், 100 கோடி ரூபாய் பத்திரத்துக்கு 13 கோடி, அதிகபட்சம் 26 கோடி என்று ஒன்றிய அரசு ஊக்கத்தொகை தருகிறது. சென்னை மாநகராட்சி 2025-ல் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.97 சதவீதம். 40,000 பேர் வாழும் ஊருக்கு இந்த ஊக்கத்தொகை எட்டாக் கனி. கடன் தரமதிப்பீட்டுக்கும் பங்குச் சந்தையில் பட்டியலிடுவதற்கும் ஆகும் செலவே அதன் கடன் தேவைக்குப் பொருந்தாது. கூட்டுப் பத்திரத்துக்கும் அதே ஊக்கத்தொகையை நீட்டுவதுதான் அத்தகைய ஊர்களுக்குப் பொருத்தமான உதவி.

இனித் திட்ட நிதி. அம்ருத்தின் இரண்டாம் கட்டமான அம்ருத் 2.0-ல் ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு ஒன்றியம் பாதி தரும். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கால் பங்கு. தவணை 20, 40, 40 சதவீதம். 80,000 பேர் உள்ள ஊரில் 30 கோடி ரூபாய்க்குக் குடிநீர் விநியோகத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றியப் பங்கு 15 கோடி. அது 3, 6, 6 கோடியாக வரும். மீதி 15 கோடியில் மாநிலம் கொடுத்தது போகத் தன் பங்கை நகராட்சி தேட வேண்டும். கையில் இல்லாததால் அது பெரும்பாலும் கடன். நீர்ச் சமநிலைக் கணக்கு, மன்றத் தீர்மானம், விரிவான திட்ட அறிக்கை, தொழில்நுட்ப அனுமதி, மாநில உயர்நிலைக் குழு, ஒன்றியக் குழு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று கோப்பு நடந்து முடிப்பதற்குள் இரும்புக் குழாயின் விலை மாறியிருக்கும். ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார், அல்லது யாரும் ஒப்பந்தம் கோர மாட்டார்கள்.

வேலை தொடங்கிய பின் நிற்பதற்கான காரணங்களும் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: நெடுஞ்சாலையை வெட்ட அனுமதி, ரயில் பாதையைக் கடக்க அனுமதி, நீரேற்று நிலைய நிலத்தின் பட்டா, உயரழுத்த மின் இணைப்பு. நான்கும் மேல் அரசுகளின் துறைகளிடம் இருப்பவை. முதல் தவணையை விடுவிக்கும் முன்பே இந்த நான்கையும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் முடித்துக் கொடுப்பது எந்தக் கூடுதல் மானியத்துக்கும் சமம். நிலம் கைக்கு வருமுன் பணி ஆணை கொடுத்த இடங்களில் தொட்டி ஒரு முனையிலும் குழாய் மறுமுனையிலும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பராமரிப்பு இதைவிடத் தலைவலி. மூலதனத்துக்கு மானியம் தரும் திட்டங்கள் இயக்கச் செலவைத் தொடுவதில்லை. அதிகபட்சம், ஒப்பந்தக்காரரே சில ஆண்டு இயக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் காலம் முடியும் மாதத்தில் மின்கட்டணம், குளோரின், மோட்டார் சுருள் மாற்றும் செலவு எல்லாம் ஒரே நாளில் நகராட்சிக் கணக்குக்கு வந்து சேரும். திட்ட அறிக்கையிலேயே பத்தாண்டு இயக்கச் செலவும், அதற்கு எந்தக் கட்டணத்தை எந்த ஆண்டில் எவ்வளவு உயர்த்துவது என்ற அட்டவணையும் மன்றத் தீர்மானத்தோடு சேர்ந்து போக வேண்டும். அறிக்கைகளில் அப்படி ஓர் அத்தியாயம் இப்போதும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

பணத்தைவிட அறிவும் அமைப்பும் அதிகம் உதவிய இடம் ஒன்றைச் சொல்லலாம். எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை கட்டுப்படியாகாது. 2014-ல் தமிழ்நாடு அரசு கழிவுத்தொட்டிக் கசடு மேலாண்மைக்கு நடைமுறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊருக்கு ஒரு நிலையம் என்று போகாமல், ஊர்களைத் தொகுப்பாகப் பிரித்தார்கள். பக்கத்தில் கழிவுநீர் நிலையம் இருந்தால் லாரி அங்கேயே கொட்டலாம். இல்லாத தொகுப்புக்கு மட்டும் புதுக் கசடு நிலையம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் தொடங்கிய நிலையம், பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கசடையும் ஏற்றது. ஒரு பேரூராட்சி தனியாக இதை வடிவமைத்திருக்க முடியாது. இரண்டு ஊர்களுக்கிடையே யார் நிலம், யார் செலவு என்ற பேச்சையும் மேலிருந்து ஒருவர்தான் முடித்து வைக்க முடியும். கெடுவது எங்கே என்றால் தூரத்தில்: நிலையம் தள்ளிப் போகப் போக லாரிக்காரருக்கு டீசல் கட்டுப்படியாகாமல் இரவில் ஓடையில் திறந்துவிடுவார். ஆகவே தொகுப்பின் எல்லையை வரைபடத்தின் வட்டத்தை வைத்து அல்லாமல், லாரி ஓடும் சாலையை வைத்துப் போட வேண்டும்.

ஆட்கள் விஷயத்திலும் இந்தத் தொகுப்பு முறை பொருந்தும். ஆணையாளர், பொறியாளர், நகரமைப்பு அலுவலர் எல்லாரும் மாநிலம் நியமித்து மாநிலம் மாற்றுபவர்கள். ஒரே பொறியாளர் இரண்டு ஊர்களுக்குப் பொறுப்பாக இருப்பதும், திட்ட அறிக்கை எழுதியவர் ஒருவர், செயல்படுத்துபவர் இன்னொருவர், கணக்கு முடிப்பவர் மூன்றாமவர் என்று ஆவதும் சகஜம். மானியத்தைச் செலவழித்ததற்கு மேலே அனுப்ப வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாவதற்கு முறைகேட்டைவிட இந்த இடமாற்றமே பல ஊர்களில் காரணம். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டியவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். ஐந்தாறு சிறு ஊர்களுக்குப் பொதுவாக ஒரு மின் பொறியாளர், ஒரு கணக்காளர், ஒரு கொள்முதல் அலுவலர் என்று வைத்தால் சம்பளச் செலவும் தாங்கும். 15-வது நிதிக்குழு இத்தகைய பகிர்வுச் சேவைகளுக்கென்றே நாடு முழுவதற்கும் 450 கோடி ரூபாய் தனியே ஒதுக்கியது. பெரிய திட்டம் ஓடும் ஊரில், அது முடியும்வரை பொறியாளரை மாற்றுவதில்லை என்று ஒரு நிர்வாக ஆணை போடவும் காசு தேவையில்லை.

கடைசியாகத் தேர்தல். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று தள்ளிக்கொண்டே போய், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்களே மன்றமாகவும் இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால் அந்தக் காலத்தில் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தலைத் தள்ளியதில் நகராட்சிக்குப் பங்கில்லை. பணம் நின்றது மட்டும் அதற்குத்தான். 2022 மார்ச் 2-ல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வார்டு எல்லை; பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள் ஒதுக்கீட்டு வரிசை; வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றும் வழக்குக்கு இடம் தராத வகையில் தயாராக வேண்டும். மூன்றும் மாநில அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும் செய்ய வேண்டிய வேலை.